முடிப்பெட்டித் திறப்பு என்னட்டை இருந்த பதினொரு மாசம்

2022 கார்த்திகை, மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு பின்னேரம், யாழ்ப்பாண ராசாக்கள் காலத்தை நடிச்சுக் காட்டிற எங்கட குழுவின்ர தலைவர் அண்ணை சைக்கிளில வீட்டை வந்தவர். நனைஞ்ச குடையை விறாந்தையில சாத்திப்போட்டு, சட்டைப் பொக்கற்றுக்குள்ள இருந்து ஒரு திறப்பை எடுத்து என்ர கையில வைச்சார். றங்குப்பெட்டித் திறப்பு. அந்தப் பெட்டிக்குள்ளதான் நடிப்புக்கு வைக்கிற எங்கட ராச முடி, நந்திக்கொடி, ரெண்டு உடைவாள், பாங்க் புக், 2018ல இருந்து கூட்டத்துக்குக் கூட்டம் எழுதி வந்த சீஆர் கொப்பி எல்லாம் கிடக்கு. "பிள்ளை, விசா வந்திட்டுது, அடுத்த கிழமை பயணம், ஒரு மூண்டு மாசம் நீ பாத்துக்கொள், தை கழியப் பொதுக்கூட்டம் வைச்சு ஆரையும் தெரிவு செய்யுங்கோ" எண்டார். நான் ஓம் எண்டிட்டன். வேற என்ன சொல்லுறது, பெட்டி அடைச்சுக்கொண்டு போற மனுசனிட்டை.

அந்த மூண்டு மாசம் பதினொரு மாசம் ஆனது. அதைப் பற்றித்தான் எழுதப் போறன், ஏனெண்டால் இஞ்ச இப்ப எந்தச் சங்கத்தைப் பாத்தாலும், வாசிகசாலை, கிரிக்கெட் கழகம், கூத்துக்குழு, பழைய மாணவர் சங்கம், எல்லாத்திலயும் ஆரோ ஒரு ஆள் வெளிநாடு போக ஆரோ ஒரு ஆள் தற்காலிகமா எண்டு இருந்துகொண்டிருக்கினம், அந்தத் தற்காலிகம் எப்பிடி இருக்கும் எண்டு ஆரும் எழுதிறேல்லை.

எங்களைத் தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாங்கள் நல்லூர் ராசதானிக் காலத்தை உடுத்து, நடிச்சு, வாழ்ந்து காட்டிற ஆக்கள். மேடை நாடகமும் இல்லை, கூத்தும் இல்லை. ஒரு வளவுக்குள்ள அரசவை மாதிரி அமைச்சுக் கொடி நட்டு வைப்பம், சனம் சுத்தி நிண்டு பாக்கும், அவைக்கு வழக்கு வரும், மன்னார் முத்துக்குளிப்புக் கணக்கு வாசிப்பம், ஆனை வாங்க வந்த வியாபாரி விலை பேசுவான், கடைசியில வாள் சண்டை. சின்னப் பிள்ளையள் கிட்ட வந்து கொடியைத் தொட்டுப் பாக்கலாம், கேள்வி கேக்கலாம், நாங்கள் அந்தக் காலத்து ஆளாவே நிண்டு மறுமொழி சொல்லுவம். அந்தக் காலத்துக் காசில சேது எண்டு பொறிச்சிருக்கும், அதே மாதிரித் தகட்டில வெட்டி வைச்சிருக்கிறம், பிள்ளையள் அதைக் குடுத்துத்தான் எங்கட கடையில பனங்கட்டி வாங்கோணும். நாங்கள் எடுத்துக்கொண்டது பரராசசேகரன்ர காலம், 1478ல இருந்து 1519 வரைக்கும் ஆண்டவர் எண்டு பொதுவாச் சொல்லுற காலம். கடைசி ராசா சங்கிலியன்ர காலத்தை ஏன் எடுக்கேல்லை எண்டு கன பேர் கேக்கிறவை, அதுக்குப் பேந்து வாறன்.

2018ல ஏழு பேர். 2019 சித்திரையில குண்டுவெடிப்பு, அதுக்குப் பிறகு கன நாள் ஆரும் கூட்டம் கூடப் பயம், பேந்து கொரோனா, பேந்து 2022 எண்ணெய் வரிசை. அந்த வருசம் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்த மூட்டம் மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், அந்த நாலு லீற்றரையும் மிச்சம் பிடிச்சுப் பயிற்சிக்கு வந்த பெடியள் எங்களிட்டை இருந்தவை. இவ்வளவுக்கும் தாக்குப் பிடிச்சு 23 பேர் ஆனனாங்கள். அந்த 23ல ஒன்பது பேர் இப்ப இஞ்ச இல்லை. தலைவர் அண்ணை அதில ஆறாவது ஆள்.

இலங்கையில ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் இருக்கிற பதவிக்குப் பதில் எண்டு முன்னுக்குப் போடுவினம், பதில் அதிபர், பதில் நீதவான், பதில் பிரதேச செயலாளர் எண்டு. தமிழ்நாட்டுக்காரர் பொறுப்பு எண்டு போடுவினம். நானும் சீஆர் கொப்பியில அண்டிரவே பதில் தலைவி எண்டு எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைச்சன். எழுதேக்க எனக்கு உள்ளுக்க ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்கேல்லை. அஞ்சு வருசமாக் கணக்குப் புத்தகம் பாத்த ஆளுக்குத் தலைமை எண்டு வரேக்க அது சின்ன விசயமில்லை.

முதல் அடி பாங்கில விழுந்தது. எங்கட எக்கவுண்டில காசெடுக்க ரெண்டு கையெழுத்து வேணும், ஒண்டு பொருளாளராய் என்ர, மற்றது தலைவர் அண்ணையின்ர. அவர் விமானம் ஏறி நாலாம் நாள்தான் எனக்கு இது மண்டையில ஏறினது. உடுப்புத் தைக்கிற அக்காவுக்குக் குடுக்க வேண்டிய காசு, தைப்பொங்கல் நிகழ்வுக்குக் கொட்டில் போடுற ஆளுக்கு முற்பணம், எல்லாம் எக்கவுண்டுக்குள்ள கிடக்கு, எடுக்க ஏலாது. பாங்கில, பொதுக்கூட்டம் வைச்சுப் புதுக் கையெழுத்துக்காரரைத் தீர்மானிச்ச கூட்ட அறிக்கை கொண்டு வாங்கோ எண்டினம். பொதுக்கூட்டம் எண்டால் 21 நாள் முன்னறிவித்தல் எண்டு எங்கட யாப்பில நாங்களே எழுதி வைச்சிருக்கிறம். கையெழுத்துக்கு மட்டும் எண்டு கூட்டம் வைச்சு மாத்தும் வரைக்கும், ஒரு மாசத்துக்கு மேல என்ர சம்பளத்திலதான் ஓடினது. நான் செய்திருக்க வேண்டியது ஒண்டே ஒண்டு, அந்த மழைப் பின்னேரம் திறப்பை வாங்க முதல், "அண்ணை, நாளைக்கு என்னோட ஒருக்காப் பாங்குக்கு வாங்கோ" எண்டு சொல்லியிருக்கோணும். தலைவர் வெளிக்கிடப் போறார் எண்டு தெரிஞ்ச எந்தக் குழுவும் பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு முதல் இதைச் செய்யுங்கோ.

இந்தச் சீரழிவைக் கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிற மச்சாளுக்கு வொய்ஸ் மெசேஜில சொல்லி அழுதனான். மச்சாளும் எங்கட மாதிரித்தான், அங்க எஸ்சிஏ எண்ட ஒரு பெரிய அமைப்பில இருக்கிறா. சொசைட்டி ஃபோர் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் எண்டு முழுப்பேர். 1966 மே 1ஆம் திகதி கலிஃபோர்னியாவில பெர்க்லி எண்ட ஊரில, ஒரு வீட்டுப் பின்வளவில கொஞ்ச இளம் ஆக்கள் ஐரோப்பிய மத்தியகால உடுப்புப் போட்டு வாள் விளையாடின விருந்திலதான் அது துவங்கினது, இப்ப உலகம் முழுக்க 20 ராச்சியம் எண்டு பிரிச்சு வைச்சிருக்கினம். ஒன்ராறியோ இருக்கிற ராச்சியத்துக்கு ஈல்டோர்மியர் எண்டு பேர். ராசா எப்பிடி வாறார் எண்டால் சண்டைப் போட்டியில வெண்டு வாறார், அதுவும் தனக்காண்டி இல்லை, தன்னோட அரியணையில இருக்கப் போற ஆளுக்காண்டிச் சண்டை பிடிக்கோணும். ஆறு மாசம் இருப்பார், சில ராச்சியத்தில நாலு மாசம், பேந்து அடுத்த ஆள். பிரம்பாலதான் வாள், எங்கட கூடை பின்னிற பிரம்பு இனந்தான், ஆனால் ஒண்டே கால் அங்குலத் தடிப்புக்குக் குறையக் கூடாது, தலைக்கவசம் 16 கேஜ் இரும்புத் தகட்டுக்கு மெல்லிசா இருக்கக் கூடாது. எங்கட பெடியளும் பிரம்புக்கு மாறினது மச்சாள் சொல்லித்தான். இரும்புத் தலைக்கவசம் எங்களால செய்ய ஏலாது, அதால எங்கட சண்டையில கழுத்துக்கு மேல அடியே இல்லை எண்டு சட்டம்.

மச்சாள் சொன்னதில எனக்குக் கண் திறந்தது இதுதான்: அங்க ராசாவும் ராணியும் பாரனும் எல்லாம் ஒரு வரிசை, அது மரியாதைக்கும் சபைக்கும் பட்டம் குடுக்கிறதுக்கும். அதுக்குப் பக்கத்தில வேற ஒரு வரிசை ஓடுது, உத்தியோகத்தர் வரிசை. ஒவ்வொரு ஊர்க்குழுவுக்கும் செனஷல் எண்டு ஒரு ஆள், அவர்தான் சட்டப்படி அந்தக் குழுவுக்குப் பொறுப்பு, மண்டபம் எடுக்கிற பத்திரத்துக்கு அவர்தான் பதில் சொல்லோணும். காசுக்கு எக்ஸ்செக்கர், அங்கயும் செக்கில ரெண்டு கையெழுத்து, அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆக்களா இருக்கக் கூடாது. சண்டைப் பாதுகாப்புக்கு மார்ஷல். முடி சூடின ராசா ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாறினாலும் இந்த ஆக்கள் மாறாயினம், அவையின்ர தவணை வேற. அதாலதான் ஒரு ராசா இடையில நிண்டாலும் அந்த ஊர்க்குழுவில கொட்டில் போடுறவனுக்குக் காசு போகும்.

எங்களிட்டை என்ன இருந்தது? முடியும் கையெழுத்தும் ஒரே ஆள். அவர் போகேக்க ரெண்டும் போச்சு.

இன்னொண்டும் சொன்னா. அங்க ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் ஒரு துணை ஆள் பேர் குடுத்து வைச்சிருக்க வேணுமாம், ஆக்கள் அதை ட்ரொப் டெட் டெப்பியுட்டி எண்டு சொல்லுவினம், நாளைக்குக் காலமை இந்த மனுசன் செத்துப் போனார் எண்டால் ஆர் எழும்பி நிக்கிறது எண்டு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கோணும் எண்டதுதான் கருத்து. எங்கட பக்கத்தில இப்பிடி ஒரு பேரை வைச்சால் வீட்டுப் பெரியாக்கள் வாயைக் கழுவு எண்டுவினம். ஆனா முப்பது வருசம் யுத்தத்துக்குள்ள இருந்த சனத்துக்கு, ஒரு ஆள் திடீரெண்டு இல்லாமல் போறது எப்பிடி எண்டு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. பேர் எதுவா இருந்தாலும் அந்த ஏற்பாடு எங்களுக்குத்தான் கூட வேணும் எண்டு எனக்குப் பட்டது.

கடைசியா மச்சாள் கேட்டா, "அதுசரி, உன்ர வாறண்ட் எப்ப முடியுது?" அங்க பதவிக்குக் குடுக்கிற கடிதத்தில முடிவுத் திகதி இருக்குமாம். நான், தை கழியப் பொதுக்கூட்டம் எண்டன். "எத்தினையாம் திகதி?" எண்டா. எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

பொங்கல் நிகழ்வுக்கு முடி பிரச்சினை வந்தது. அரசவை வைச்சால் நடுவில ஒரு ராசா இருக்கோணும், அஞ்சு வருசமா அந்த முடியைத் தலைவர் அண்ணைதான் வைச்சவர், இப்ப ஆர் வைக்கிறது? வாட்ஸ்அப் க்ரூப்பில ரெண்டு நாள் ஒரே அடிபாடு. ஒரு பக்கம், நீங்கள்தானே பதில் தலைவி நீங்களே வையுங்கோ எண்டினம், இன்னொரு பக்கம் ஒரு பொம்பிளை பரராசசேகரனா இருந்தால் பிள்ளையளுக்குச் சரித்திரம் குழம்பும் எண்டினம், வேறை ரெண்டு பெடியள் தங்களுக்குத் தாங்கோ எண்டு தனித்தனியா எனக்கு மெசேஜ் போட்டவை. எங்களுக்கு ஆட்டம் பழக்கின கூத்து ஐயா ஒருத்தர் இருக்கிறார், எழுபது வயசு தாண்டினவர், அண்ணாவியார். அவரிட்டைப் போய்க் கேட்டன். திண்ணையில இருந்து வெத்திலை மடிச்சுக்கொண்டு, "பரதன் என்ன செய்தவன் பிள்ளை? பாதுகையை வைச்சவன். நீயும் முடியை ஆசனத்தில வைச்சிட்டுப் பக்கத்தில நிண்டு சபையை நடத்து" எண்டார்.

அப்பிடியே செய்தம். வெறும் ஆசனம், சிவப்புப் பட்டு விரிச்சு அதுக்கு மேல முடி. நான் மந்திரி உடுப்போட பக்கத்தில நிண்டு, அரசர் யாத்திரை போயிருக்கிறார் எண்டு சொல்லி வழக்கை விசாரிச்சன். ஒரு சின்னப் பெட்டை, ஆறு ஏழு வயசிருக்கும், ராசா எப்ப வருவார் எண்டு கேட்டது. சனம் சிரிச்சது. எனக்கு மச்சாளின்ர கேள்வி திரும்ப வந்து நெஞ்சில இடிச்சது.

பரதன் கதையை நாங்கள் சின்னனில இருந்து அடக்கத்துக்கு உதாரணமாத்தான் கேட்டு வளர்ந்தம். ஆனா அண்டைக்கு இரவு படுத்துக் கிடந்து யோசிக்க வேற ஒண்டு தெரிஞ்சது. பரதன் பாதுகையை வாங்கேக்கயே பதினாலு வருசம் எண்டு கணக்கு இருந்தது, அந்தக் கடைசி நாளில அண்ணன் வராட்டில் நெருப்பில இறங்குவன் எண்டு வாக்கும் சொல்லிப்போட்டுத்தான் போனவன். நாள் குறிச்சு எடுத்த பொறுப்பு அது. நானோ தை கழிய எண்டு ஒரு வாய்ச்சொல்லை வாங்கினனான், தை கழிஞ்சு மாசி வந்தது, மாசியில பள்ளிக்கூடத்தில சோதினை வேலை எண்டு நான்தான் தள்ளினன், பங்குனியில இன்னொரு சாட்டு. ஒருத்தரும் கேக்கேல்லை. வேலை நடக்குது, பேந்தென்ன எண்டு எல்லாரும் இருந்திட்டினம். இதுதான் இந்தப் பதவியின்ர மெய்யான ஆபத்து எண்டு நினைக்கிறன். ஆரும் உங்களைக் கலைக்காயினம், உங்கட வேலை பிழை எண்டும் சொல்லாயினம், நாள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

சித்திரையில நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை நடுங்குது. பயிற்சிக்கு வாள் தம்பி எண்டு நாங்கள் கூப்பிடுற ஒருத்தன்தான் பொறுப்பு, மச்சாளின்ர கணக்கில அவன்தான் மார்ஷல். அவன் நிக்காமல் ஆரும் பிரம்பு தூக்கக் கூடாது, அவன் நில் எண்டு கத்தினால் ஆரா இருந்தாலும் நிக்கோணும். எஸ்சிஏயில ஹோல்ட் எண்டு ஆர் கத்தினாலும் எல்லாரும் அந்த இடத்திலயே உறையோணுமாம், பாக்க வந்த ஆள் கத்தினாலும் ராசா நிக்கோணும், அதைக் கேட்டுத்தான் நாங்களும் வைச்சனாங்கள். அண்டைக்குத் தம்பிக்குக் காய்ச்சல். அடுத்த கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில நிகழ்வு, பெடியள் பழகாமல் கிடக்கிறாங்கள், நான் "பரவாயில்லை, நான் நிக்கிறன், மெதுவாச் செய்யுங்கோ" எண்டிட்டன். அரை மணித்தியாலத்தில ஒரு பதினேழு வயசுப் பெடியனுக்குப் புருவத்தில பிரம்பு பட்டு வெடிச்சு, மூண்டு தையல். கண் தப்பினது கடவுள் செயல். ஓட்டோவில ஏத்திக்கொண்டு போகேக்க அவன் "அக்கா நீங்கள் பயப்பிடாதேங்கோ" எண்டு எனக்குச் சொல்லுறான், முகமெல்லாம் ரத்தம். அவன்ர அம்மாவின்ர முன்னால போய் நிண்டது என்ர வாழ்க்கையில மறக்க ஏலாத அஞ்சு நிமிசம். அவா ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

தலைவர் அண்ணை இருந்திருந்தால் இது நடந்திருக்காது, அவர் கெட்டிக்காரர் எண்டதுக்காண்டி இல்லை. எனக்கு எது என்ர அதிகாரம் எது இல்லை எண்டு கோடு கீறி ஆரும் தரேல்லை, நானும் கேக்கேல்லை. தற்காலிகமா வாற ஆளுக்கு ரெண்டு பயம் இருக்கும், ஒண்டு எதையும் செய்யப் பயம், மற்றது தன்ர காலத்தில எல்லாம் நிண்டு போச்சு எண்டு சொல்லிப் போடுவினமோ எண்ட பயம். ரெண்டாவது பயத்திலதான் நான் அந்தப் பயிற்சியை நடத்தினது. அண்டிரவே சீஆர் கொப்பியில ஒரு பக்கத்தை ரெண்டாப் பிரிச்சு எழுதினன். இந்தப் பக்கம் பதில் ஆள் செய்யலாம்: மாசாந்தப் பயிற்சி, ஏற்கெனவே ஒத்துக்கொண்ட நிகழ்வு, பாங்க் அலுவல், உடைஞ்சதைத் திருத்திறது. அந்தப் பக்கம் செய்யக் கூடாது: பாதுகாப்புச் சட்டத்தை மாத்திறது, ஒரு ஆளை நீக்கிறது, ஒரு வருசத்துக்கு மேல கட்டிப்போடுற எந்த ஒப்பந்தமும், முடியை ஆரும் தலையில வைக்கிறது.

அந்தக் கோடு ஆனியில வேலை செய்தது. கொழும்புக் கொம்பனி ஒண்டு மூண்டு வருசத்துக்குக் காசு தாறம், கேடயத்தில எங்கட லோகோ போடுங்கோ எண்டு வந்தது, நல்ல காசு. பெடியளுக்கு ஆசை, எனக்கும் ஆசை. கொப்பியைத் திறந்து காட்டி, இதை முடிவெடுக்கிறது நானில்லை, வரப்போற ஆள், ஒரு நாள் நிகழ்வுக்கு எண்டால் இப்பவே கதைக்கலாம் எண்டு சொன்னன். அவை ஒரு நாளுக்கு ஒத்துக்கொண்டினம், ஆனா லோகோ கேடயத்தில இல்லை, தண்ணிப் பந்தலில.

இனிச் சங்கிலியனுக்கு வாறன். முத்திரைச்சந்தியால ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறனான், குதிரையில வாள் தூக்கிக்கொண்டு அவர் நிக்கிறார், சின்னனில இருந்து எனக்கு வீரன் எண்டால் அந்தச் சிலைதான். 1619ல போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா படையோட வந்து நல்லூரைப் பிடிச்சவன், சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொலை செய்தவங்கள், 1621ல நல்லூர்க் கோயிலை இடிச்சவங்கள், இதெல்லாம் படிச்சிருக்கிறம். நாங்கள் கூடக் கவனிக்காதது, சங்கிலிகுமாரன் பதவிக்கு வந்தது ஒரு பதில் ஆளாத்தான். அவருக்கு முந்தின ராசா எதிர்மன்னசிங்கம் செத்தபோது மகன் சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்காண்டி அரசைப் பாக்க வேண்டிய ஆளா இருந்தவர் அரசகேசரி. 1617ல சங்கிலி அவரையும் மற்ற உரிமைக்காரரையும் கொன்று அந்த இடத்தைப் பிடிச்சார் எண்டுதான் போர்த்துக்கேயர் எழுதி வைச்சிருக்கினம், அவையும் நிபந்தனை போட்டு அவரை அந்தப் பிள்ளைக்குப் பாதுகாவலரா ஏற்றுக்கொண்டினம். அடுத்த வருசமே உள்ளுக்க கிளர்ச்சி, சங்கிலி தஞ்சாவூர் நாயக்கரிட்டைப் படை கேட்டு எடுக்க வேண்டி வந்தது. எழுதினது எதிரி எண்டது எனக்குத் தெரியும், சிலையை ஆரும் அசைக்கோணும் எண்டும் நான் சொல்லேல்லை. ஆனா ஒரு குழந்தை வளர இன்னும் பத்துப் பதினஞ்சு வருசம் கிடக்கேக்க, இடையில இருக்கிற ஆளுக்கு முடிவுத் திகதி எண்டு ஒண்டு இல்லாத இடத்தில என்னென்ன நடக்கும் எண்டு அந்தக் கதையில நான் கண்டன். எங்கட குழு பரராசசேகரன் காலத்தை எடுத்தது இதாலதான், சங்கிலியன் கதையை ஒரு பின்னேரத்தில வாள் சண்டையா முடிக்க ஏலாது.

இதை மச்சாளுக்குச் சொல்ல அவா வில்லியம் மார்ஷல் எண்ட ஒரு ஆளின்ர கதையை அனுப்பினா, அங்க வாள் பிடிக்கிற ஆக்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. 1216ல இங்கிலாந்து ராசா ஜோன் செத்துப்போக மகன் ஹென்றிக்கு ஒன்பது வயசு, நாட்டின்ர பெரிய பகுதி பிரெஞ்சு இளவரசனின்ர கையில. எழுபது வயசளவில இருந்த இந்தக் கிழவனைத்தான் பெடியனுக்காண்டி நாட்டைப் பார் எண்டு விட்டினம். ராசாவுக்குச் சொந்த முத்திரை இல்லாததால மக்னா கார்ட்டா எண்ட உரிமைச் சாசனத்தைத் திருப்பி வெளியிடேக்க தன்ர முத்திரையையும் போப்பின்ர தூதுவரின்ர முத்திரையையும் வைச்சுத்தான் வெளியிட்டார். 1217ல லிங்கன் எண்ட ஊரில தானே சண்டைக்கு இறங்கி வெண்டார். 1219ல தான் சாகப் போறன் எண்டு தெரிஞ்ச உடன, படுக்கையில கிடந்தபடி, எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுப் பெடியனைப் போப்பின்ர தூதுவரிட்டைக் கையளிச்சார், தன்ர மகனிட்டைக் குடுக்கேல்லை. கிழமைக் கணக்கில செத்துப் போனார். மச்சாள் அந்த மெசேஜ் அனுப்பேக்க இஞ்ச விடியப்புறம் ரெண்டு மணி, நான் முழிப்பாத்தான் கிடந்தன்.

மச்சாள் கொரோனாக் காலத்தைப் பற்றியும் சொன்னவா. 2020ல போட்டி வைக்க ஏலாமல் போக, ஆறு மாசத்துக்கு முடி சூடின ஆக்கள் ஒரு வருசத்துக்கு மேலயும் இருக்க வேண்டி வந்தது. ஆரும் பேராசையில இருந்தவை இல்லை, இறக்கி வைக்க இடம் இல்லாமல் இருந்தவை. அதைக் கேக்க எனக்கு ஆறுதலா இருந்தது, ஆனா எனக்கு அந்தச் சாட்டு இல்லை எண்டும் தெரிஞ்சது. எனக்குப் பொதுக்கூட்டம் வைக்க ஒரு தடையும் இல்லை. வாசிகசாலை மண்டபம் எப்பவும் தருவினம்.

ஆடியில 21 நாள் முன்னறிவித்தல் எழுதி க்ரூப்பில போடப் போய் மூண்டு தரம் அழிச்சன். ஏன் அழிச்சன் எண்டு நேர்மையாச் சொன்னால், எனக்கு அந்தத் திறப்பைக் குடுக்க மனம் வரேல்லை. புருவம் வெடிச்ச பெடியன் திரும்ப வந்து நிண்டதும், ரெண்டு பக்கக் கொப்பியும், தண்ணிப் பந்தலும், புதுசாச் சேர்ந்த அஞ்சு பெட்டையளும், எல்லாம் என்ர காலத்தில வந்தது எண்ட எண்ணம். நல்லூர்க் கந்தன்ர கட்டியத்தில இண்டைக்கும் சிறி சங்கபோதி புவனேகபாகு எண்ட பேர் வருது, அது 1450ல தெற்கில இருந்த கோட்டை ராச்சியத்தில இருந்து வந்து யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு 1467 வரைக்கும் ஆண்ட செண்பகப் பெருமாள்தான் எண்டு வரலாற்றாளர் கனபேர் சொல்லுவினம். இன்னொருத்தற்ற அரியணையில பதினேழு வருசம் இருந்த மனுசன், வளர்த்த தகப்பன் செத்ததும் கோட்டைக்குத் திரும்பிப் போனவர், அரியணையை இழந்த கனகசூரிய சிங்கையாரியன் இந்தியாவில இருந்து பிள்ளையளோட திரும்பி வந்து தன்ர இடத்தை எடுத்தார். போனவற்ற பேரை இன்னும் பாடுறாங்கள். ஆவணித் திருவிழாவில கூட்டத்துக்க நிண்டு அந்தக் கட்டியம் கேக்க எனக்குக் கண் கலங்கினது. வீட்டை வந்து முன்னறிவித்தலை நாலாந்தரம் எழுதி, அனுப்பிற பொத்தானை அமத்திப்போட்டுப் போனைக் கவிட்டு வைச்சன்.

கூட்டம் புரட்டாதி கடைசி ஞாயிறு. ரெண்டு பேர் போட்டிக்கு நிண்டினம், நான் நிக்கேல்லை, பதில் ஆளா இருந்தவர் அதே தேர்தலில நிக்கக் கூடாது எண்டு யாப்பில ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டன், அதுக்குப் பதினாறு வாக்கு ஆம், மூண்டு இல்லை. இன்னும் ரெண்டு வரி சேர்த்தம்: பதில் பதவி ஆறு மாசத்தில தானா முடியும், கையெழுத்துக்காரர் எப்பவும் மூண்டு பேர், அதில ஒருத்தரும் முடி வைக்கிற ஆளா இருக்கக் கூடாது. தெரிவானது 24 வயசுப் பிள்ளை, கேம்பஸ் முடிச்சவள், சிலம்பம் நல்லாச் சுத்துவாள். வேலை வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கிறாள், அவளும் ஒரு நாள் போவாள் எண்டு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுதான் வாக்குப் போட்டினம்.

அடுத்த நாள் ரெண்டு பேருமாப் பாங்குக்குப் போனம். கையெழுத்து மாத்தி முடிய ரெண்டு மணித்தியாலம். பேந்து வீட்டை வந்து றங்குப்பெட்டியைத் திறந்து ஒவ்வொண்டா எடுத்துக் காட்டினன், எது எங்க வாங்கினது, முடியில எந்தப் பக்கம் ஒட்டு விட்டிருக்கு, நந்திக்கொடியை ஏன் மடிக்காமல் சுருட்டி வைக்கோணும், எந்தப் பிரம்பு இனிப் பாவிக்கக் கூடாது. அவள் எல்லாத்தையும் போனில படம் எடுத்தாள். கடைசியா, "அக்கா, இந்தப் பெட்டி இனி எங்கட வீட்டை இருக்கிறதோ வாசிகசாலையில வைக்கிறதோ நல்லது?" எண்டு கேட்டாள்.

எனக்கு இதில ஒரு விருப்பம் இருந்தது. வாயில வரைக்கும் வந்தது.

"அது நீ யோசி" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனன். திரும்பி வரேக்க அவள் ஆரோடயோ போனில ஓட்டோ கதைச்சுக்கொண்டிருந்தாள், வாசிகசாலைக்கு எவ்வளவு எண்டு.